ஆற்றங்கரையில் ஒரு புதர்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் அதிலும் ஏதாவது உள்நோக்கம் கண்டுபிடிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நூலகத்தின் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். வாசிப்புக் கூடத்தில் மாட்டியிருந்த நம் ஆற்றங்கரைப் படம் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக நூலகத் தலைவி சொன்னார். "ரெண்டு பேரும் சேர்ந்து வரைஞ்ச படத்தை அங்க மட்டும் ஏன் அனுப்பினீங்க?" என்று கேட்டேன். "அவங்க விலாசம்தான் சார் எங்ககிட்ட இருக்கு. நீங்கதான் வீடு மாத்திக்கிட்டே இருக்கீங்களே" என்றார். இப்போது இருப்பது ஒரு சலவைக் கடையின் மாடி. இதையாவது குறித்துக்கொள்.

புதுக் கட்டடத்துக்கு ஒரு பெரிய படம் வேண்டுமாம். என்னைக் கேட்டிருக்கிறார்கள். என்னை மட்டும். மாதிரிக்காக மூன்று படங்களைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "எல்லாம் அழகா இருக்கு சார். ஆனா எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கே. ஆளுங்க வேணும்" என்று சொல்லிவிட்டார். ஜூன் மாதத்துக்குள் ஆட்களோடு ஒரு படம் காட்டாவிட்டால் வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

நான் நிலம் போடுகிறவன். வானம், தண்ணீர், மரம், மண் எல்லாம் என் பொறுப்பு. ஆட்கள் உன் பொறுப்பு. அப்படித்தான் இத்தனை காலம் பிழைத்தோம். உன்னை ஆள் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த நிலைமை வந்தால் பிரஷ்ஷை உடைத்து அடுப்பில் வைப்பேன். நானே கற்றுக்கொள்ளப் போகிறேன். நல்ல படம் ஒன்றைப் பார்த்து, கோடு விடாமல் அப்படியே வரைந்து பார்ப்பதுதான் வழி. நிலத்தின்மேல் ஆட்கள் சரியாக நிற்கிற படம் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே, அதில் பாதி என்னுடையது.

இரண்டு மாதத்துக்குப் படம் வேண்டும். வண்டி அனுப்புகிறேன். உன் வீட்டு ஃபிரேம் கடைக்காரர் பத்திரமாகக் கட்டிக் கொடுத்தால் போதும்.

தம்பி

•

பிப்ரவரி 12

தம்பிக்கு,

'அன்புள்ள' போடாமல் எழுதியிருக்கிறாய். ஒரு பொய் மிச்சம். நானும் போடவில்லை.

ஏழு வருஷம் கழித்து ஒரு கடிதம். அதில் "என்னை மட்டும்" என்று ஒரு வரி, "பாதி என்னுடையது" என்று இன்னொரு வரி. நீ மாறவே இல்லைடா.

படம் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது, முகம் சுவரைப் பார்த்தபடி. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியாதவன் மாதிரி எழுதியிருக்கிறாய். சரி, ஞாபகப்படுத்துகிறேன்.

அந்தப் படத்தில் அவரைப் போட்டேன். கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது. ஆட்களை முடித்து உன்னிடம் கொடுத்தபோது அவர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். திறப்பு விழா அன்று கடையில் வேலை செய்கிற அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். துணியை விலக்கினார்கள். அவர் நின்ற இடத்தில் ஒரு நாணல் புதர். கருகருவென்று, ஆள் உயரத்துக்கு.

"எங்கண்ணே நீங்க? காணோமே?" என்று பையன்கள் தேட ஆரம்பித்தார்கள். அவரும் சேர்ந்து தேடினார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "புதருக்குப் பின்னாடி இருக்கேன்டா. வெக்கமா இருக்கு, வெளிய வர மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், பார்த்தேன்.

அன்றிலிருந்து கடையில் அவருக்குப் பேர் புதர். "புதரண்ணே, டீ ஆறுது" என்று கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார். அவருக்கு அது பழகிவிட்டது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

படம் வேண்டுமா? தருகிறேன். உன் புதர் போக வேண்டும். அவர் திரும்ப வர வேண்டும். உன் கையால். நான் பிரஷ்ஷைத் தொட மாட்டேன். மறைத்தவன் நீ, நீயே வரைந்து நிறுத்து. ஆள் போடக் கற்றுக்கொள்ளத்தானே ஆசைப்படுகிறாய், அவரில் இருந்து ஆரம்பி. சம்மதம் என்று எழுதினால் வண்டி அனுப்பு. இல்லை என்றால் தபால் செலவை மிச்சப்படுத்து.

ஃபிரேம் கடைக்காரர் என்று எழுதாதே. அக்கா புருஷனைக் கூப்பிட ஒரு முறை இருக்கிறது. சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளாது.

அக்கா

•

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

சம்மதம் இல்லை.

உன் வயிறு எரிந்த கதையை எழுதினாய். என் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? படத்தை உன்னிடம் கொடுத்தபோது அந்த இடத்தில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தாயா? தண்ணீர் இருந்தது. வெயில் சாய்கிற நேரத்துத் தண்ணீர், கரையோரம் பழுப்பு, நடுவில் ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம். என் வாழ்நாளில் நான் போட்ட தண்ணீரிலேயே அதுதான் தண்ணீர். கேன்வாஸ் முழுக்க இடம் கிடந்தது. கரை இருந்தது, பாறை இருந்தது, பாதை இருந்தது. அத்தனையும் விட்டுவிட்டு அந்த வெளிச்சத்தின் மேல் கொண்டுபோய் உன் புருஷனை நிறுத்தினாய். ஒரு வார்த்தை கேட்டாயா? "இங்க நிறுத்தட்டுமாடா?" என்று கேட்கக் கூடவா உனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது?

கல்யாணத்துக்கு முன்னால் ஒவ்வொரு ஆளுக்கும் என்னைக் கேட்டுத்தான் இடம் பிடிப்பாய். அதற்குப் பிறகு எல்லாம் அவர் வைத்த சட்டம். வேலை மேசையை மாற்றினாய், ஊரை மாற்றினாய், என் தண்ணீரில் அவரை இறக்கினாய்.

இன்னொன்று. உன் ஆள் காய்வதற்கு முன்பே அவர்மேல் புதரைப் போட்டேன். இரண்டு சாயமும் ஒன்றோடு ஒன்று கலந்து இறுகிவிட்டது. சுரண்டினால் இரண்டும் சேர்ந்து உதிரும். ஆகவே "திரும்ப வர" அவர் அங்கே இல்லை. புதிதாகத்தான் வரைய வேண்டும், அதை நான் செய்யப் போவதில்லை.

உன் தயவும் வேண்டாம். நூலகத்தின் பழைய ஆண்டுமலரில் அந்தப் படத்தின் புகைப்படம் இருக்கிறது. உள்ளங்கை அளவுதான், ஆனாலும் வண்ணம் தெரிகிறது. அதைப் பார்த்தே வரைந்துகொள்கிறேன்.

தம்பி

•

பிப்ரவரி 27

தம்பிக்கு,

ஒரே ஒரு கேள்வி. தண்ணீர்தான் உன் கவலை என்றால், அவர்மேல் தண்ணீரை அல்லவா திரும்பப் போட்டிருக்க வேண்டும்? எதற்குப் புதர்? அதுவும் அதே தண்ணீரைத்தானே மறைக்கிறது?

யார் காதில் பூ சுற்றுகிறாய்?

வரைந்து முடித்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வீட்டில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறது.

அக்கா

•

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் கேள்விக்கு உடனே பதில் எழுதினேன். கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன். இப்போது நான்கு வரியில் சொல்கிறேன். அன்றைக்கு முதலில் தண்ணீரைத்தான் போட்டேன். வரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். சேறு மாதிரி வந்தது. அந்த வெளிச்சம் எனக்கு ஒரு தடவைதான் வந்தது, அதன்மேல்தான் நீ ஆளை நிறுத்தினாய். நாணல் எனக்குத் தூக்கத்திலும் வரும், அதனால் நாணல் போட்டேன். போதுமா?

போட்டோ இத்துடன் இருக்கிறது. சிரி.

ஆனால் சிரிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள். ஒரு மாதமாக உன் ஆட்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். வாளியோடு குந்தியிருக்கிறவள், சைக்கிள் பெரியவர், தோளில் கைபோட்டு நிற்கிற இரண்டு பெண்கள், அந்தச் சின்னப் பெண். ஒவ்வொருவரையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உன் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களே, அதில் எவ்வளவு தப்பு இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?

ஐந்து பேரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தை, மணி அடித்தாற்போல எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பெரியவர் சிரிக்கிறார் வேறு. புதரைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? அவரையும் வாளிக்காரியையும் வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

அதைவிடப் பெரிய கூத்து, அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஒரு காலில்தான் செருப்பு போட்டிருக்கிறாய். இன்னொரு கால் வெறுங்கால், அதையும் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருக்கிறாள். அவசரத்தில் மறந்திருப்பாய். ஏழு வருஷம் ஒரு ஊரே பார்த்திருக்கிறது, ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் இன்னொரு செருப்பையும் போட்டுக் காலைத் தரையில் ஊன்றிவிட்டேன். நன்றி சொல்ல வேண்டாம்.

தம்பி

•

ஏப்ரல் 9

டேய்,

சிரிப்பு வரவில்லை. போட்டோவைக் கிழிக்கத்தான் கை வந்தது. அவர்தான் வாங்கி அலமாரியில் வைத்தார்.

முதலில் உன் ஆட்கள். ஒருவருக்கும் கனம் இல்லை. வாளிக்காரி குந்தியிருக்கிறாளா, கயிற்றில் தொங்குகிறாளா? குந்தினால் பாரம் குதிகாலில் இறங்கும், பின்பக்கப் புடவை இழுபடும், காலடியில் ஒரு இருட்டு விழும். நீ இருட்டையே போடவில்லை. மரத்துக்கு அடியில் நிழல் போடத் தெரிந்தவனுக்கு மனுஷன் காலடியில் போடத் தெரியாதா? தூரத்தில் நிற்கிற பெரியவர் கிட்டத்தில் நிற்கிற பெண்களைவிட உயரமாக இருக்கிறார். கரை சமதளம்டா. நின்று பார்க்கிறவனுக்கு, நிற்கிற வளர்ந்த ஆட்கள் எல்லோர் தலையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வரும். கால்தான் மேலே, கீழே போகும். நீ தரையில் இருந்து மேலே வளர்த்திருக்கிறாய், மரத்தை வளர்க்கிற மாதிரி. மனுஷனைத் தலையில் இருந்து கீழே இறக்கு.

முகத்தில் இமை முடி வரை போட்டிருக்கிறாய். ஆற்றங்கரையில் நிற்கிறவனுக்கு அக்கரையில் இருக்கிறவளின் இமை தெரியுமா? முகம் தேவையில்லை, கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது போதும். அந்தக் கழுத்தைத்தான் நீ திருகி வைத்திருக்கிறாய்.

இப்போது செருப்பு.

அந்தச் செருப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? உன் புதருக்குள்.

அவர் கையில் இருந்தது. பெண்ணின் செருப்பு ஆற்றோடு போய்விட்டது. அவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி, அதைப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குத்தான் பெரியவர் சிரிக்கிறார். ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பெண் அதற்காகத்தான் நிற்கிறாள். ஏழு வருஷமாக நிற்கிறாள்.

நீ அவரை மறைத்தாய். என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்துவிட்டாவது மறைத்திருக்கலாம்.

கற்பனை செய்து வரைந்ததும் இல்லை அது. நடந்தது. நாம் இருவரும் அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தோம், அவர் நமக்குக் கட்டைச் சட்டங்கள் கொண்டுவந்து இறக்கினார், நீ சரியாக இருக்கிறதா என்றுகூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அழுதாள். எல்லோரும் ஐயோ பாவம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் ஒருவர்தான் இறங்கினார். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது. நீ நாலு முழம் தள்ளி உட்கார்ந்து நாணல் வரைந்துகொண்டிருந்தாய்.

அக்கா

•

ஏப்ரல் 21

அக்கா,

இரண்டாவது செருப்பைத் துடைத்துவிட்டேன். கழுத்துகளைப் பழையபடி திருப்பிவிட்டேன். தலைக் கோட்டை நூல் பிடித்து வைத்தேன். பெரியவர் சின்னதாகி, தூரமாகப் போய்விட்டார். காலடியில் இருட்டும் போட்டேன். வாளிக்காரி உட்கார்ந்துவிட்டாள். நீ சொன்னது சரி என்று சொல்ல வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஆனால் இப்போது படம் முன்னைவிட மோசமாக இருக்கிறது. ஐந்து பேரும் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் மேசைக்குப் போனாலும், சமையல் செய்தாலும், முதுகுக்குப் பின்னால் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அந்த நாணல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெண் அழுதது ஞாபகம் இல்லை.

வேறு வழி தெரியவில்லை. அவரைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். உனக்காக இல்லை, படத்துக்காக. அவருடைய போட்டோ ஒன்று அனுப்பு. முழு உருவம், நின்றபடி.

தம்பி

•

ஏப்ரல் 28

தம்பிக்கு,

போட்டோ கிடையாது.

கல்யாணம் ஆன புதிதில் எங்கள் வீட்டு மேசையில் எத்தனை தடவை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். அவர் பரிமாறியிருக்கிறார். எந்தக் கைக்காரர் என்று சொல் பார்ப்போம். நிற்கும்போது எந்தக் காலில் பாரம் போடுவார்? சிரித்தால் தோள் குலுங்குமா, வயிறா? உனக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எந்தப் பக்கம் கிளை என்று சொல்வாய்.

போட்டோவைப் பார்த்துப் போட்டால் போட்டோதான் வரும். ஆள் வேண்டும் என்றால் ஆளைப் பார். கடை காலையில் திறக்கும், இருட்டினால் மூடும். வாசலில் பலகை இருக்கிறது. வழி தெரியாது என்று சொல்லாதே.

வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். வந்தால் முதலில் என்ன பேசுவது என்று யோசித்து யோசித்தே இரண்டு பஸ்ஸை விடுவாய். உனக்கு வீராப்புதான் பெரிசு.

அக்கா

•

மே 14

தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. நானும் எழுதுவதாக இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கோபம் தலைக்கேறி நிற்கிறது.

நேற்று சாயங்காலம் அவர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வலது தோளைத் தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்தேன். "என்ன தூக்கினீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒரு கட்டைதான்" என்கிறார். ஒரு கட்டைக்கு இப்படியா? விடாமல் கேட்டேன். கடைசியில் சொன்னார்.

எதிரே மருந்துக் கடை நிழலில் நீ நின்றுகொண்டிருந்தாயாம். தலையில் தொப்பி, கையில் நோட்டு. உன்னை அடையாளம் தெரியாமல் போகும் என்று நினைத்தாயா? தொப்பியைப் பார்த்தாலே தெரியுமாம், நாணலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அதே தொப்பி.

கடைக்குள் இருட்டு, உனக்குச் சரியாகத் தெரியாதே என்று அவர் வெளியே வந்திருக்கிறார். சட்டம் வளைந்திருக்கிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு நீளக் கட்டையை எடுத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறார். எந்தக் கையைத் தூக்க வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் படத்துக்காக ஏழு வருஷத்துக்கு முன்னால் என் முன்னால் நின்றவர்தானே. உள்ளே இருந்து பையன்கள், "புதரண்ணே, கட்டை கோணலா, நீங்க கோணலா?" என்று கத்தினார்களாம்.

"எதுக்குங்க அவ்வளவு நேரம் நின்னீங்க?" என்று கேட்டேன். "உன் தம்பி வரைஞ்சுக்கிட்டு இருந்தாரு. நடுவுல அசையக் கூடாதே" என்றார்.

அதற்குப் பிறகு நீ தெருவைத் தாண்டி வருவாய் என்று பார்த்திருக்கிறார். டீ சொல்லி வைத்தாராம். திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. டீ ஆறிவிட்டது.

காலையில் சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். ஒரு தெருவைக் கடக்க உனக்கு முடியவில்லை. உன்னோடு பிறந்ததற்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா

•

மே 26

அக்கா,

அவர் எனக்காகத்தான் நிற்கிறார் என்பது எனக்கு அப்போதே தெரியும். கட்டை கோணலா என்று அவ்வளவு நேரம் எவனும் பார்க்க மாட்டான். சிக்னல் கம்பம் மாதிரி நின்றார். அப்படி நின்றால் நான் எதை வரைவது? பக்கம் பக்கமாகக் கோடு போட்டேன். எல்லாம் கம்பம். எரிச்சலாக வந்தது. அசையக் கூடாது என்று யார் சொன்னது அவருக்கு? நீ கெடுத்து வைத்திருக்கிறாய். உன் முன்னால் நின்று நின்று பழகிப்போனவர்.

கடைசியில் கை வலித்துக் கீழே இறக்கினார். தோளைத் தேய்த்துக்கொண்டார். அப்போதுதான் உள்ளே இருந்து யாரோ ஏதோ கத்தினான். அவர் திரும்பிச் சிரித்தார். தோள்தான் குலுங்குகிறது, வயிறு இல்லை. பாரம் இடது காலில். கட்டை இடுப்பளவில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றை வரைந்தேன். நாலு கோடு. அது போதும் என்று தெரிந்தது, கிளம்பிவிட்டேன். டீ சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது.

தெருவைக் கடக்காதது பற்றி எழுதியிருந்தாய். கால் எடுத்து வைத்தேன். அந்த நேரம் பையன்கள் "புதரண்ணே" என்று கூப்பிட்டார்கள், அவர் திரும்பிப் பார்த்தார். எடுத்த காலைப் பின்னால் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முதலில் புதர் இருந்த இடத்தில் தண்ணீரைப் போட்டேன். ஆள் நிற்பதற்கு முன்னால் தண்ணீர் இருக்க வேண்டுமே. வந்தது அக்கா. பழைய வெளிச்சம் இல்லை, அதைவிட அமைதியான வெளிச்சம். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்படியே விட்டுவிடலாமா என்று இருந்தது. ஐந்து பேரும் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? நூலகத் தலைவி கேட்க மாட்டார். ஆனால் அந்தப் பெண் காலை ஊன்றாமல் நிற்கிறாள்.

என் தண்ணீர்மேல் என் கையாலேயே அவரை நிறுத்தினேன். வயிறு எரிந்தது. உனக்கும் அப்படித்தானே எரிந்தது, எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் படத்தில் அவர் கையைத் தூக்கி நிற்கவில்லை. தூக்கிக் காட்டிவிட்டு இறக்குகிறார், திரும்பிச் சிரிக்கிறார். அதனால் மற்றவர்களின் கழுத்தையும் கொஞ்சம் தாழ்த்த வேண்டியிருந்தது. தப்பு என்றால் தப்பு. நான் பார்த்த ஆள் அதுதான்.

நூலகத்தில் காட்டினேன். தலைவி நேராக அவரைத்தான் காட்டினார். "இது யாரு சார்?" என்று கேட்டார். "எங்க அக்கா வீட்டுக்காரர்" என்றேன். வேலை எனக்குத்தான்.

போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன். அவரிடமும் காட்டு. இனி உன் படத்தை அனுப்பு. புதரைத் தேய்த்து மட்டமாக்கிவிட்டு, அதன்மேல் தண்ணீர் போட்டு, அவரைத் திரும்ப நிறுத்துகிறேன். அதில் கை மேலேயே இருக்கும், நீ போட்டபடி. முறை சொல்லிக் கூப்பிட வாய் இன்னும் வரவில்லை. கை முதலில் வந்திருக்கிறது. முடிந்ததும் படத்தை நானே கொண்டுவந்து கடையில் இறக்குகிறேன். தெருவுக்கு அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்.

தம்பி

•

ஜூன் 3

தம்பிக்கு,

படம் வருகிறது. பெட்டி அவர் அடித்தது. தோள் இன்னும் சரியாகவில்லை, இடது கையால் அடித்தார், ஆணிகள் கோணலாக இருக்கும். ஏதாவது குறை சொல்லி எழுதினால் தெரியும் சேதி.

உன் போட்டோவை அவர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்களாம். இந்தத் தடவை யாரும் தேடவில்லை.

நானும் பார்த்தேன். தண்ணீர் நன்றாக இருக்கிறது. தண்ணீரைப் பற்றி நான் சொன்னால் நீ கேட்கப் போவதில்லை, அதனால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரியவரின் கழுத்து இன்னும் விறைப்பு. பெண்களில் ஒருத்திக்கு முழங்கையே இல்லை. அவருக்கு நீ போட்டிருக்கிற தோள் அவருடைய தோள்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீ அவர் கையில் கொடுத்திருப்பது வலது கால் செருப்பு. அந்தப் பெண் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பது இடது காலை.

வரும்போது இந்தப் படத்திலாவது அதை மாற்றிப் போட்டுக்கொண்டு வா.

அக்கா